அடையாள அட்டையைப் பதிவேற்றிய பிறகு அது யார் கையில் இருக்கிறது?

திருநெல்வேலியிலிருந்து வேலைக்காகப் பெங்களூரு வந்து, மடிவாளாவில் ஒரு பிஜியில் தங்கியிருக்கும் பெண் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அடுத்த மாதம் சேரவிருக்கும் நிறுவனத்தின் ஹெச்.ஆர். ஒரு லிங்க் அனுப்பியிருக்கிறார். அதில் ஆதார் அட்டையின் இரண்டு பக்கங்களையும் பான் அட்டையையும் படம் பிடித்து ஏற்ற வேண்டும். பிறகு ஒரு செல்ஃபி. தலையை இடமும் வலமும் திருப்பும் ஒரு சிறு வீடியோ. லிங்கைத் திறந்தால் வேறொரு நிறுவனத்தின் பெயர் வருகிறது. ஊரிலிருக்கும் அப்பா “எதையும் ஏற்றாதே” என்கிறார். ஏற்றாவிட்டால் சேரும் தேதி தள்ளிப்போகும் என்கிறார் ஹெச்.ஆர். இந்தப் படங்கள் எங்கே போகின்றன, யார் பார்க்கிறார்கள், எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்பதே அவர் கேள்வி.

நான் பெங்களூருவில் இந்தச் சரிபார்ப்புத் துறையிலேயே பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். தொடக்கத்தில், மக்கள் ஏற்றும் அட்டைகளைத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்து ‘சரி’, ‘இல்லை’ என்று அழுத்தும் இருக்கையில் இருந்தேன். அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேறொரு நிறுவனத்தின் பெயரில் லிங்க் வருவது வழக்கமான நடைமுறைதான். பெரும்பாலான நிறுவனங்கள் இந்த வேலையை வெளியில் ஒரு வெண்டரிடம் ஒப்படைத்துவிடுகின்றன. அப்பாவின் அச்சமும் வீண் அச்சம் இல்லை. ஆனால் அட்டையைச் சரிபார்க்கும் அந்த இரண்டு நிமிடங்களில் பெரும்பாலும் ஆபத்து இல்லை. சரிபார்த்து முடித்த பிறகும் அந்தப் படம் எங்கோ ஒரு சர்வரில் கிடக்கிறதே, அங்கேதான் இருக்கிறது. சரிபார்ப்பதற்கு நகல் தேவையில்லாத வழிகள் இன்று இருக்கின்றன என்பதையும், அவற்றை நீங்கள் கேட்டுப் பெறலாம் என்பதையும் சொல்வதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் ஏற்றும் படம் முதலில் போய்ச் சேருவது வெண்டர் வாடகைக்கு எடுத்திருக்கும் கிளவுடு சேமிப்பகத்துக்கு. போகும் வழியில் அது மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். இடையில் யாரும் படிக்க முடியாது. அங்கே ஒரு மென்பொருள் அட்டையிலுள்ள எழுத்துகளைப் படித்துப் பெயர், பிறந்த தேதி, முகவரி, எண் என்று தனித்தனிக் கட்டங்களில் நிரப்புகிறது. இன்னொன்று, அட்டையின் ஓரங்கள் வெட்டி ஒட்டப்பட்டவையா, எழுத்துருவில் மாற்றம் இருக்கிறதா, திரையில் தெரிந்த படத்தை மறுபடி படம் பிடித்திருக்கிறார்களா என்று பார்க்கிறது. பான் எண்ணும் பெயரும் வருமான வரித் துறையின் பதிவோடு பொருந்துகின்றனவா என்று தனியாக ஒரு கேள்வி போய்ப் பதில் வருகிறது. இவையெல்லாம் சில வினாடிகளில் முடிந்துவிடும். இவற்றோடு உங்கள் கைபேசியின் வகை, ஐபி முகவரி, இடம் பார்க்க அனுமதி தந்திருந்தால் நீங்கள் நின்ற இடம் ஆகியவையும் பதிவாகும். அட்டையைப் பற்றி மட்டுமே கவலைப்படுகிறவர்கள் இந்தப் பதிவுகளை மறந்துவிடுகிறார்கள்.

மென்பொருளுக்கு உறுதி வராத படங்கள் மனிதர்களிடம் வரும். வெளிச்சம் பட்டுப் பளபளக்கும் அட்டை, மடிப்பு விழுந்த அட்டை, இருபது வயதில் எடுத்த படமும் நாற்பது வயது முகமும், ‘முத்துலட்சுமி’ ஒன்றில் ஓர் எழுத்து கூடுதலாகவும் மற்றதில் குறைவாகவும் இருப்பது போன்றவை. நான் உட்கார்ந்த திரையில் இடப்பக்கம் அட்டை, வலப்பக்கம் செல்ஃபி, கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றைப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. எங்கள் தளத்தில் கைபேசியை வெளியே பெட்டியில் வைத்துவிட்டுத்தான் நுழைய முடியும். காகிதம், பேனா கூடாது. திரையில் என் ஊழியர் எண் மங்கலாகக் குறுக்கே ஓடிக்கொண்டிருக்கும், யாராவது படம் எடுத்தால் யார் திரை என்று தெரிவதற்காக. இப்படி ஒழுங்காக நடக்கும் இடங்கள் உண்டு. நல்ல இடத்திலும்கூட முன்பின் தெரியாத ஓர் ஊழியர் உங்கள் முகவரியையும் பிறந்த தேதியையும் பார்க்கக்கூடும் என்பதை நீங்கள் தெரிந்துகொண்டே ஒப்புதல் தர வேண்டும். எந்த ஒப்புதல் படிவத்திலும் இது இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை.

செல்ஃபியும் வீடியோவும் ஏன் என்று பலர் கேட்கிறார்கள். அட்டை உண்மையானதாக இருந்தாலும் அதை வைத்திருப்பவர் வேறொருவராக இருக்கலாம் அல்லவா? அதற்காக அட்டையிலுள்ள முகமும் செல்ஃபியில் உள்ள முகமும் தனித்தனியே ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றப்பட்டு, இரண்டு வரிசைகளும் எவ்வளவு நெருக்கம் என்று கணக்கிடப்படுகிறது. தலையைத் திருப்பச் சொல்வதும் கண் இமைக்கச் சொல்வதும், காமிராவின் முன் இருப்பது உயிருள்ள ஆளா, அச்சிட்ட படமா அல்லது கணினியில் உருவாக்கிய முகமா என்று கண்டுபிடிப்பதற்காக. இதில் நான் மிகவும் வலியுறுத்திக் கேட்கச் சொல்வது அந்த எண் வரிசையைப் பற்றித்தான். ஒப்பிட்டு முடித்ததும் அதை அழிக்கிறார்களா, அல்லது தங்கள் மென்பொருளைப் பயிற்றுவிக்க வைத்துக்கொள்கிறார்களா? கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் முகத்தின் அளவுகள் வெளியே போய்விட்டால் மாற்றிக்கொள்ள ஒன்றுமில்லை.

இனி, எத்தனை காலம் என்பது. வங்கிக் கணக்குக்கும் வேலைக்கும் இதில் பெரிய வேறுபாடு இருக்கிறது. வங்கியில் கேஒய்சி (வாடிக்கையாளரின் அடையாளச் சரிபார்ப்பு) செய்தால், சட்டவிரோதப் பணப் பரிவர்த்தனைத் தடுப்புச் சட்டம் 2002-இன்படி அடையாள ஆவணங்களைக் கணக்கு முடிந்த பிறகும் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நீங்கள் அழிக்கச் சொன்னாலும் வங்கியால் அழிக்க இயலாது. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வீடியோ வழிக் கேஒய்சியை அனுமதித்தபோதே, அதை வங்கியின் அதிகாரியே நேரலையில் செய்ய வேண்டும், ஆதார் எண் பதிவில் தெரியாதபடி மறைக்கப்பட வேண்டும் என்றெல்லாம் விதித்தது. வேலைக்கு முன்பான சரிபார்ப்பை இந்தப் பணப் பரிவர்த்தனைச் சட்டம் ஆள்வதில்லை. அங்கே எத்தனை காலம் என்பதைப் பெரும்பாலும் உங்கள் நிறுவனமும் வெண்டரும் செய்துகொண்ட ஒப்பந்தமே தீர்மானிக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் நீங்கள் ஒரு தரப்பே இல்லை. முப்பது நாளில் அழிக்கச் சொல்லும் நிறுவனங்களையும் பார்த்திருக்கிறேன். அழிப்பதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத ஒப்பந்தங்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வகையில் படம் வெண்டரிடம் ஒன்று, முடிவு அறிக்கையோடு இணைப்பாக ஹெச்.ஆர். மின்னஞ்சலில் ஒன்று, அவர் இறக்கி வைத்த கணினியில் ஒன்று என்று பெருகிக்கொண்டே போகும்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை என்பதற்கு ஒரு சான்று. 2025 அக்டோபரில் டிஸ்கார்ட் என்ற இணைய அரட்டைத் தளத்தை நடத்தும் நிறுவனம், தன் வாடிக்கையாளர் சேவையைக் கவனித்த வெளி நிறுவனம் ஒன்றின் வழியே, ஏறத்தாழ 70,000 பயனர்களின் அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்று அறிவித்தது. வயதை உறுதிசெய்வதில் ஏற்பட்ட தகராறுகளுக்காக அந்தப் பயனர்கள் அனுப்பிய படங்கள் அவை. வயது உறுதியான பிறகு அந்தப் படங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. இருந்தும் அவை அங்கே இருந்தன.

உங்களிடம் கேட்கப்பட்டவற்றில் எது உண்மையிலேயே தேவை என்று பார்ப்போம். சம்பளத்தில் வரி பிடிக்க நிறுவனத்துக்குப் பான் எண் வேண்டும். தராவிட்டால், வரி பிடிக்க வேண்டிய சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் பிடிக்கப்படும். அதைக் கொடுத்துவிடுங்கள். வருங்கால வைப்பு நிதிக் கணக்கோடு இணைக்க ஆதார் எண்ணும் வேண்டும். ஆனால் அது வேலையில் சேர்ந்த பிறகு நடப்பது. சேருவதற்கு முன் ‘இவர் இவர்தான்’ என்று உறுதிசெய்ய வரும் ஒரு தனியார் வெண்டருக்கு அட்டையின் இரண்டு பக்கங்களும் 12 இலக்க எண்ணோடு தேவையில்லை. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ஆதார் தீர்ப்பில், தனியார் நிறுவனங்கள் வெறும் ஒப்பந்தத்தின் பேரில் ஆதார் அங்கீகாரம் கேட்பதற்கு இடமளித்த பகுதியை நீக்கியது. 2019-இல் வந்த திருத்தச் சட்டம், அட்டைதாரர் தாமே விரும்பிச் செய்யும் ஆஃப்லைன் சரிபார்ப்புக்கு, அதாவது ஆதார் தரவுத்தளத்தைத் தொடாமல் செய்யும் சரிபார்ப்புக்கு, வழிசெய்தது. அதே திருத்தம், அப்படிச் சரிபார்க்கும் நிறுவனம் ஆதார் எண்ணையோ கைரேகை, கருவிழி போன்ற பயோமெட்ரிக் தகவலையோ சேகரிக்கவும் சேமிக்கவும் கூடாது என்றும், வேறு என்ன வழிகள் இருக்கின்றன என்பதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நீங்கள் ஹெச்.ஆரிடம் மாற்று வழி கேட்பது சலுகை கேட்பது ஆகாது. இந்த வழக்குகளுக்கெல்லாம் வேராக நின்றவர் நம் பெங்களூருவில் வாழ்ந்த, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி, 2012-இல் அவர் தொடுத்த வழக்கில்தான், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்.

மாற்று வழிகளில் நான் முதலில் சொல்வது, ஆவணங்களை மின்வடிவில் வைத்துப் பகிர உதவும் மத்திய அரசின் சேவையான டிஜிலாக்கர். பல வெண்டர்களின் பக்கத்திலேயே ‘டிஜிலாக்கர் மூலம் தொடர’ என்ற பொத்தான் இருக்கும்; பெரும்பாலோர் அதைத் தாண்டிப் படம் ஏற்றும் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். அதை அழுத்தினால் டிஜிலாக்கரின் பக்கத்துக்குப் போய், ஓடிபி கொடுத்து நுழைந்த பிறகு ஓர் ஒப்புதல் திரை வரும். அவசரப்பட்டு ‘அனுமதி’ அழுத்தாமல் அந்தத் திரையை ஒரு நிமிடம் படியுங்கள். எந்த ஆவணங்கள், என்ன நோக்கம், எந்தத் தேதி வரை என்று அதில் இருக்கும். ஆதாரும் பானும் போதும் என்ற இடத்தில் ஓட்டுநர் உரிமமும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் சேர்ந்து தேர்வாகியிருந்தால் அவற்றை எடுத்துவிடுங்கள். இந்த வழியில் போகும் ஆதார் தகவலில் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டுமே தெரியும். தகவல் ஆவணம் வழங்கிய இடத்திலிருந்தே வருவதால் வெண்டருக்கும் படத்தை விட இதுதான் நம்பகமானது. நான் அந்த இருக்கையில் இருந்தபோது, படமாக வந்த அட்டைகளில்தான் போலிகளைப் பிடித்தேன்.

டிஜிலாக்கர் வழி இல்லையென்றால், மறைக்கப்பட்ட ஆதார். ஆதார் ஆணையத்தின் தளத்தில் இ-ஆதாரை இறக்கும்போது ‘மாஸ்க்டு ஆதார்’ என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், முதல் எட்டு இலக்கங்கள் மறைந்து கடைசி நான்கு மட்டும் அச்சாகும். அதிலுள்ள க்யூஆர் குறியீட்டில் உங்கள் விவரங்களும் படமும் ஆணையத்தின் மின்கையொப்பத்தோடு இருக்கும். ஸ்கேன் செய்தால் உண்மையா என்று தெரிந்துவிடும். எண்ணையே கேட்கும் இடமாக இருந்தால் 16 இலக்க விர்ச்சுவல் ஐடியைத் தரலாம். புதிதாக ஒன்றை உருவாக்கினால் பழையது செல்லாமல் போய்விடும், அதை வைத்து உங்கள் ஆதார் எண்ணைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் குறிப்பிட வேண்டும். இ-ஆதார் பிடிஎஃப் கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறது, அதனால் யாருக்கு அனுப்பினாலும் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அந்தக் கடவுச்சொல் உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும். எல்லோருக்கும் இதே முறை. உங்கள் பெயரும் வயதும் தெரிந்த எவரும் திறந்துவிடலாம்.

உண்மையைச் சொன்னால், பெங்களூருவில் உங்கள் அட்டைக்கு ஆபத்து இந்த வெண்டரைவிட மற்ற இடங்களில் அதிகம். சில மாதங்களுக்கு முன் வாடகை ஒப்பந்தத்துக்காக ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். ‘வாட்ஸ்அப்ல அனுப்புங்க சார், பிரிண்ட் எடுத்துடலாம்’ என்றார் கடைக்காரர். அவர் கணினியில் பதிவிறக்கக் கோப்புறை திறந்திருந்தது. ஆதார் ஒன்று, ஆதார் இரண்டு, பான், மறுபடி ஆதார் என்று திரை முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள். ஒன்றில் ஒரு பள்ளிச் சிறுமியின் முகம் தெளிவாகத் தெரிந்தது. கீழே உருட்டிக்கொண்டே போனார், முடியவில்லை. கெட்ட எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை. அழிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். என் கோப்பை என் கண்ணெதிரே அழிக்கச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. குப்பைத் தொட்டியிலிருந்தும் எடுக்கச் சொன்னபோதுதான் சற்று வியப்போடு பார்த்தார்.

2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகமே, ஆதார் நகலை எந்த நிறுவனத்துக்கும் கண்டபடி தர வேண்டாம், மறைக்கப்பட்ட ஆதாரைப் பயன்படுத்துங்கள் என்று ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி அது திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றது வருத்தம்தான். அறிவிப்பில் இருந்த அறிவுரை இன்றும் சரியானதே என்பது என் கருத்து.

புதிய சட்டம் பற்றிச் சுருக்கமாக. மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்கான பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027-இல்தான் முழுமையாக அமலுக்கு வரும். அதன்படி வெண்டர் செய்யும் தவறுக்கும் உங்களிடம் தரவைக் கேட்ட நிறுவனமே பொறுப்பு; பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலாவதோ பெற உங்களுக்கு உரிமை உண்டு. அதாவது அது அமலுக்கு வந்ததும் தமிழில் கேட்கலாம், அதுவும் பெங்களூருவில் இருந்துகொண்டே. ஆனால் வேலை தொடர்பான சில நோக்கங்களுக்கு ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாள இந்தச் சட்டம் நிறுவனங்களுக்கு இடம் தருகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். புதிய சட்டம் முழுமையாக அமலுக்கு வரும்வரை கையில் இருப்பது 2011-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள். பயோமெட்ரிக் உள்ளிட்ட அந்தரங்கமான தகவல்களைத் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றும், குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் நிறுவனத்தின் தளத்தில் வெளியிட வேண்டும் என்றும், புகாரை ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் லிங்க் உண்மையானதா என்று பாருங்கள். மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கு அழைக்காதீர்கள். நிறுவனத்தின் தளத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்து, இந்த வெண்டர் உங்களுடையவர்தானா என்று கேளுங்கள். ஆதார் ஓடிபியை டிஜிலாக்கர் அல்லது ஆதார் ஆணையத்தின் அரசுத் தள முகவரி தெரியும் பக்கத்தில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். வெண்டரின் சொந்தப் பக்கத்திலோ தொலைபேசியிலோ கேட்டால் நிறுத்திவிடுங்கள். பிறகு ஹெச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல். பணிவாக, நான்கு கேள்விகள் போதும்: டிஜிலாக்கர் வழியாகவோ மறைக்கப்பட்ட ஆதாராகவோ தரலாமா, படங்களும் வீடியோவும் எங்கே, எத்தனை நாள் இருக்கும், முகத்திலிருந்து எடுத்த எண் வரிசை ஒப்பீடு முடிந்ததும் அழிக்கப்படுமா, அழித்ததை எழுத்தில் உறுதிசெய்வார்களா. இப்படிக் கேட்டதற்காக வேலையை இழந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ‘வெண்டரிடம் கேட்டுச் சொல்கிறேன்’ என்ற பதில்தான் பெரும்பாலும் வரும், அந்தக் கேள்வி வெண்டரை எட்டுவதே பயன்தான். எங்கள் அலுவலகத்தில் அழிப்புக் காலம் குறைக்கப்பட்டதே, ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தில் சேரவிருந்த சிலர் விடாமல் கேட்டதால்தான்.

பிஜி உரிமையாளரிடம் ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் அட்டையை அனுப்பியிருந்தால், மறைக்கப்பட்ட ஆதாரின் அச்சுப் பிரதி ஒன்றைக் கையில் கொடுத்து, தேதியையும் ‘தங்குமிடத்துக்காக மட்டும்’ என்பதையும் அதன் குறுக்கே எழுதி, பழைய படத்தை அழிக்கச் சொல்லுங்கள். அப்பாவுக்கு நிம்மதி தரக்கூடிய ஒன்று, உங்கள் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைப்பது. ஆதார் ஆணையத்தின் தளத்திலும் செயலியிலும் அதற்கு வசதி இருக்கிறது, தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். அதே தளத்தில் கடந்த ஆறு மாதங்களில் உங்கள் ஆதார் எங்கெல்லாம் அங்கீகாரத்துக்குப் பயன்பட்டது என்ற பட்டியலும் கிடைக்கும். இன்றே ஒருமுறையும், வேலையில் சேர்ந்த பிறகு ஒருமுறையும் அதைப் பாருங்கள். நீங்கள் செய்யாத ஒன்று அதில் இருந்தால் ஆதார் ஆணையத்தின் உதவி எண்ணான 1947-க்கு அழைத்துச் சொல்லுங்கள், பணம் போயிருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்றப் புகார் எண்ணான 1930.